கம்ப்யூட்டர் சயின்ஸோடு இன்னொரு மேஜர்: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் எங்கே தொடங்குவது, எதைக் கேட்பது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கும், இல்லை தமிழோ பொருளாதாரமோ பிடிக்கும். வீட்டில் "கம்ப்யூட்டர் எடு, வேலை கிடைக்கும்" என்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "ரெண்டையும் சேர்த்துப் படிக்க முடியாதா?" என்று கேட்பார். முடியும். ஆனால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து கடைசியில் கையில் வரும் சான்றிதழ், அதில் அச்சாகும் பாடத்தின் பெயர், அது எங்கே செல்லுபடியாகும் என்பது எல்லாமே மாறிவிடும். அதனால் விண்ணப்பம் போடும் முன்பே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதல் வேலை: உங்களுக்குக் கிடைக்கப்போவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டபுள் மேஜர், அதாவது இரண்டு முதன்மைப் பாடம் என்ற பெயரை நம்மூரில் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடுகிறார்கள். பி.காம். சி.ஏ., பி.எஸ்சி. கணிதம் சி.ஏ. (இங்கே சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்) போன்றவை டபுள் மேஜர் கிடையாது. அவற்றில் முதன்மைப் பாடம் வணிகவியலோ கணிதமோதான், கூடவே கம்ப்யூட்டர் தாள்கள் சில இருக்கும். நல்ல படிப்புகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம், அல்காரிதம், நெட்வொர்க் என்று கம்ப்யூட்டர் சயின்ஸின் முழு உடம்பும் அதில் வராது. அல்லைடு தாளும் அப்படியே: பி.எஸ்சி. இயற்பியலில் கம்ப்யூட்டர் அல்லைடாக வந்தால் அது துணைப்பாடம்தான்.

உண்மையில் இருக்கிற வழிகள் நான்கு. ஒரே பட்டத்தில் இரண்டு மேஜர் என்பது முதல் வழி. தேசியக் கல்விக் கொள்கைப்படி யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் இதற்கு இடம் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் இணைப்புக் கல்லூரிகளில் இந்தக் கட்டமைப்பு வந்துவிட்டது. கடலூர்ப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அண்ணாமலைப் பல்கலைக்கழக இணைப்பில் உள்ள கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகளில் வழக்கமான மூன்று வருடப் பட்டம்தான், கோர் (முதன்மை), அல்லைடு (துணை) என்ற பழைய பிரிவுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டமே வேறு என்பதை மறந்துவிட்டு, புதுவையில் படிக்கிற அத்தை மகன் சொன்னதைக் கேட்டுக் கடலூர்க் கல்லூரியில் போய் விசாரித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டாவது வழி, ஒரு மேஜர், ஒரு மைனர் (மேஜரைவிடக் குறைந்த அளவில் படிக்கும் இரண்டாம் பாடம்). யு.ஜி.சி. கட்டமைப்பில் மைனருக்கு மூன்று வருடப் பட்டத்தில் 24 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), நான்கு வருடத்தில் 32. இன்ஜினியரிங்கில் இதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி படிக்கிற மாணவர் 18 கிரெடிட் கூடுதலாக எடுத்தால் வேறொரு துறையில் மைனர் வாங்கலாம். மெக்கானிக்கலோ சிவிலோ எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் மனம் போகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. பலர் இதைக் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனிப் பட்டங்கள். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கு வழி திறந்தது. இரண்டையும் நேரடி வகுப்பாகப் படிக்கலாம், வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஒன்றை நேரடியாகவும் மற்றதை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ படிக்கலாம். இரண்டையுமே ஆன்லைனில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது என்பதற்காக உங்கள் கல்லூரி அனுமதிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

நான்காவது, ஒன்றன்பின் ஒன்று. இளங்கலையில் பிடித்த பாடம், அப்புறம் கம்ப்யூட்டர் முதுகலைப் பட்டமான எம்.சி.ஏ. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்தால் எம்.சி.ஏ.வுக்குப் போகலாம், இப்போது அது இரண்டே வருடம், தமிழ்நாட்டில் டான்செட் தேர்வு வழியாகச் சேர்க்கை. இதை யாரும் டபுள் மேஜர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஐந்து வருடத்தில் இரண்டு பாடத்தையும் முழுதாகப் படித்து முடிக்க, சிரமம் குறைந்த வழி இதுதான் என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் இரண்டையும் சுமக்கத் தெம்பு இருக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்கள் தயங்காமல் இதை எடுங்கள்.

கிரெடிட் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஹானர்ஸுக்கு 160. டபுள் மேஜர் என்று சான்றிதழில் வர வேண்டுமானால் இரண்டாவது பாடத்தில் மொத்தத்தில் 40 சதவீதமாவது எடுக்க வேண்டும், அதாவது 120-க்கு 48, 160-க்கு 64. முதல் மேஜருக்கு மூன்று வருடத்தில் 60 என்பது வழக்கமான அளவு. 60-ஐயும் 48-ஐயும் கூட்டினால் 108. மீதி 12. ஆனால் மொழி, திறன் வளர்ப்பு, மதிப்புக் கல்வி, பிற துறைத் தாள்கள், இன்டர்ன்ஷிப் என்று எல்லோருக்கும் பொதுவானவையே முப்பதுக்கு மேல் போய்விடும். ஆக 120-க்குள் இது அடங்காது. கூடுதல் கிரெடிட் எடுக்க வேண்டும், அல்லது பொதுத்தாள்களில் சிலவற்றை இரண்டாம் மேஜர் கணக்கில் சேர்க்கக் கல்லூரி ஒத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் போய்க் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "இந்த மிச்சத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்பதுதான். பதில் தெளிவாக வந்தால் அங்கே இது நடக்கிறது என்று அர்த்தம். "பார்த்துக்கலாம்" என்றால் இன்னும் யாரும் செய்யவில்லை என்று அர்த்தம்.

கிரெடிட்டை மட்டும் பார்த்தாலும் போதாது, மணி நேரத்தைப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட், ஆனால் செய்முறைக்கு இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒரு கிரெடிட். ஒரு செமஸ்டரில் 26 கிரெடிட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கூட இருப்பது பொருளாதாரம் என்றால் செய்முறை கம்ப்யூட்டர் பக்கம் மட்டும்தான்: 22 கிரெடிட் வகுப்பு, 4 கிரெடிட் லேப், ஆக வாரத்துக்கு 30 மணி நேரம். இயற்பியல் என்றால் இரண்டு பக்கமும் லேப்: 18 கிரெடிட் வகுப்பு, 8 கிரெடிட் லேப், 34 மணி நேரம். அதே 26 கிரெடிட்தான். போதாததற்கு லேப் என்பது பெரும்பாலும் மதியத்தில் மூன்று மணி நேரத் துண்டாக வரும், இரண்டு துறையும் ஒரே மதியத்தைப் பிடித்துவிட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த வருடம் ஒன்றை விட வேண்டியதுதான்.

பஸ் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்துக்கு இன்னொரு பஸ். போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, ஐந்து நாளில் பதினைந்து மணி நேரம். ஒரு மேஜர் படிக்கிற பிள்ளை அந்தப் பதினைந்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு படிக்கிறவர் ஹாஸ்டலோ பக்கத்தில் அறையோ பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் உள்ளூர்க் கல்லூரி ஒன்று, ஆன்லைன் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் தாள்களின் சங்கிலியை முதலில் வரையுங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். இரண்டு பாடம் எடுக்கிறவர்கள் மொத்தம் எத்தனை தாள் என்று எண்ணுகிறார்கள், எந்தத் தாளுக்கு முன் எந்தத் தாள் என்பதைப் பார்ப்பதில்லை. வரலாற்றிலோ இலக்கியத்திலோ ஒரு தாளை முன்னே பின்னே தள்ளிப் படித்தால் பெரிய நஷ்டம் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் அப்படி முடியாது. சி அல்லது பைத்தானில் நிரல் எழுதப் பழகாமல் டேட்டா ஸ்ட்ரக்சர் புரியாது, அது இல்லாமல் அல்காரிதம் புரியாது. டிஸ்கிரீட் மேத்ஸ் இல்லாமல் அல்காரிதமும் கஷ்டம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் கஷ்டம், அதைத் தாண்டித்தான் கம்பைலர். இன்னொரு கிளையில் டிஜிட்டல் லாஜிக், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று அடுத்தடுத்து வரும்.

நம் கல்லூரிகளில் ஒரு தாள் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்தப்படும், ஒற்றைப்படை செமஸ்டரில் வருவது இரட்டைப்படையில் வராது. டேட்டா ஸ்ட்ரக்சரை ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டால் நிஜத்தில் ஒரு வருடம் தள்ளிப்போகிறது, அதன் பின்னால் தொங்குகிற எல்லாத் தாளும் சேர்ந்து தள்ளிப்போகின்றன. அதனால் ஒரு பெரிய காகிதத்தில் செமஸ்டருக்கு ஒன்றாக ஆறு கட்டமோ எட்டுக் கட்டமோ போட்டு, முதலில் இந்தச் சங்கிலியை நிரப்புங்கள், மற்ற பாடத்தின் தாள்களை மிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். அது ஒழுங்காக உட்காரவில்லை என்றால் சேர்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கூட எந்தப் பாடம்?

புள்ளியியல்தான் நடைமுறையில் ரொம்பப் பொருத்தம். நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜீப்ரா இரண்டுக்கும் பொது, ஒரு பாடத்தில் படித்தது இன்னொன்றில் அந்த வாரமே கைகொடுக்கும். கணிதமும் அப்படித்தான், ஆனால் ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ரா என்று வரும்போது நிரல் எழுதப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கணிதமும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே வேண்டும், இரண்டிலும் நிஜமான ஆர்வம் என்றால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தைப் பாருங்கள். அங்கே கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு, அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

தமிழும் கம்ப்யூட்டரும் என்று சொன்னால் சிலர் ஒருமாதிரி பார்ப்பார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. பைத்தானில் "புதுச்சேரி" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 10 என்று வரும். நம் கணக்குக்கு ஐந்து எழுத்துதான். யூனிகோடில் ப தனி, அதன் உகரக் குறி தனி, ச் என்பதில் புள்ளி தனி, அதனால்தான் இரட்டிப்பு. தேடல், எழுத்துப்பிழை திருத்தி, அகராதி என்று தமிழில் எதைச் செய்யப் போனாலும் இந்த இடத்தில் முட்டித்தான் போக வேண்டும், அதற்கு மேல் சந்தி, வேற்றுமை உருபு, வினைமுற்று என்று ஒவ்வொன்றாக வரும். இலக்கணமும் நிரலும் இரண்டும் தெரிந்த ஆட்கள் குறைவு. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியது. சுவடிகளைப் படம் எடுத்து, பட்டியலிட்டு, தேடும்படி செய்கிற வேலைக்கு இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

கடலோரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. உயிரியலும் தரவுப் பகுப்பாய்வும் தெரிந்தவருக்குக் கடல், மீன்வளம், சதுப்புநிலம் சார்ந்த ஆய்வில் நிறைய வேலை இருக்கிறது. இளங்கலையில் விலங்கியலும் கம்ப்யூட்டர் மைனரும் எடுத்து, அப்புறம் அந்தப் பக்கம் போகலாம். லேப் மோதல் பற்றி மேலே சொன்னதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆன்லைனில் இரண்டாவது பட்டம்

கடலூரில் வழக்கமான கலைக் கல்லூரியில் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிடித்த பாடத்தை நேரடி வகுப்பில் எடுங்கள், கம்ப்யூட்டரை ஆன்லைனில் வையுங்கள். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். முதல் நிலையான ஃபவுண்டேஷனில் எட்டுத் தாள், 32 கிரெடிட். அடுத்து டிப்ளமோ, பிறகு 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142-இல் நான்கு வருட பி.எஸ். ஒவ்வொரு நிலையிலும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம் என்பது இரண்டு படிப்புச் சுமப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். சமூகப் பிரிவு, குடும்ப வருமானம் பார்த்துக் கட்டணச் சலுகையும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே அதற்கான சான்றுகளைத் தயாராக வையுங்கள்.

பாடம் வீடியோவில், ஆனால் தேர்வு நேரில். கல்லூரியின் உள்மதிப்பீட்டுத் தேர்வும் இந்தத் தேர்வும் ஒரே வாரத்தில் வரும் நாட்கள் உண்டு, இரண்டு அட்டவணையும் வந்த அன்றே ஒரே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஒரு தாளுக்கு வாரம் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கல்லூரி நாட்களில் ஒரு பருவத்துக்கு இரண்டு தாள் போதும். நான்கு தாள் எடுத்துத் திணறுவதைவிட ஒரு வருடம் கூடப் போவதே மேல்.

பட்டம் வரைக்கும் வேண்டாம், முதலில் ருசி பார்க்க வேண்டும் என்றால் ஆன்லைன் பாடத் தளங்களான ஸ்வயம், என்பிடெல். பதிவு இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம், பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட் என்பது வழக்கம். 2021 யு.ஜி.சி. விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். மேலே சொன்ன சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதைச் சரிக்கட்டவும் இதுதான் வழி. ஆனால் எந்தத் தாளுக்குப் பதில் எந்தப் பாடம் என்பதைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் ஏற்காமல் போகலாம்.

சேர்க்கை, டி.சி., அடையாள எண்

காலாப்பட்டு வளாகத்தில் சேர க்யூட் என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு. புதுவை அரசுக் கல்லூரிகளுக்கு அந்த அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக். கடலூரில் குடியிருக்கிற பிள்ளைக்குச் சென்டாக்கில் உள்ளூர் ஒதுக்கீடு கிடைக்காது, ஒரு மணி நேர தூரமாக இருந்தாலும் வெளிமாநிலம் என்றே கணக்கு. இதைத் தெரியாமல் அதை மட்டும் நம்பி, கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம், தேதி தவறினால் காலி இடத்துக்கு அலைய வேண்டிவரும்.

இரண்டு பட்டம் நேரடியாகப் படிக்கப் போகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் டி.சி. அசல் ஒன்றுதான் இருக்கும், இரண்டு கல்லூரியும் அதைக் கேட்கும். யார் அசலை வைத்துக்கொள்வார்கள், மற்றவர் நகலை ஏற்பார்களா என்று கட்டணம் கட்டும் முன் கேளுங்கள். கிரெடிட்டுகள் சேர்வதற்கு அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு வேண்டும், டிஜிலாக்கர் வழியாகத் திறக்கலாம். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இனிஷியல் முன்னே பின்னே இல்லாமல் ஒத்துப்போக வேண்டும். நம்மூரில் ஒன்றில் "கே. செல்வி", இன்னொன்றில் "செல்வி கே" என்று இருப்பது சகஜம், முதல் செமஸ்டரிலேயே சரிசெய்துவிடுங்கள்.

அரசு வேலை மனதில் இருந்தால்

இதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ, அதற்கு இணையானது என்று அரசு ஏற்ற பாடத்திலோ இருக்க வேண்டும். இளங்கலை தமிழ், முதுகலை கம்ப்யூட்டர் என்று மாறிப்போனால் "கிராஸ் மேஜர்" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆசிரியர் வேலை இலக்கு என்றால் இரண்டில் ஒன்றையாவது கீழிருந்து மேல் வரை நேராக வைத்திருங்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் பாடம் குறிப்பிட்டுக் கேட்கும் பணிகளுக்கும் சான்றிதழில் அச்சான பெயரைத்தான் பார்ப்பார்கள். தனியார் ஐ.டி. நிறுவனங்கள் இதில் இவ்வளவு கறார் கிடையாது, அங்கே நிரல் எழுதிக் காட்டுவதுதான் பேசும்.

முதல் வருடம் முடிந்ததும்

நின்று பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர் தாளில் லிங்க்டு லிஸ்ட்டை யாரும் சொல்லாமல் நீங்களே எழுத முடிகிறதா? மற்றப் பாடத்தில் தேர்வுக்கு வேண்டாத ஒரு புத்தகத்தையாவது விரும்பிப் படித்தீர்களா? அரியர் இருக்கிறதா? ஒரு பக்கம் அரியர் விழ ஆரம்பித்தால் இரண்டாவது மேஜரை மைனராக இறக்கிக்கொள்ளுங்கள், அதுவரை எடுத்த கிரெடிட் பெரும்பாலும் அதற்குப் பயன்படும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, 24 கிரெடிட் நன்றாகப் படித்த மைனர், தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்த 48 கிரெடிட்டைவிட எந்த இன்டர்வியூவிலும் தைரியமாகப் பேச வைக்கும்.

தொடர முடிவு செய்தால் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அந்த வருடத்து சிலபஸ் பிரதியை வாங்கி மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள், முடிந்தால் துறை முத்திரையோடு. மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கேட்கும், இணைத்தன்மைச் சான்று வாங்கப் போனாலும் கேட்பார்கள், நான்கு வருடம் கழித்துப் பழைய சிலபஸைத் தேடினால் பாடத்திட்டமே மாறியிருக்கும்.